நாற்பத்தோராம் நாள் யார் இருப்பார்கள்? அம்மா, கன்ஃபைன்மென்ட் ஆள், பணிப்பெண், கணவரின் விடுப்பு: ஓர் ஒப்பீடு

"அக்கா, அம்மாவை ஊரிலிருந்து வரவழைக்கிறதா, இங்கேயே ஒரு ஆளைப் போட்டுக்கிறதா?" வளைகாப்பு வளையல் கையில் குலுங்கச் சிங்கப்பூரில் நம் பெண்கள் கேட்கும் கேள்வி இது. கேட்பவர் மனதில் இருப்பது பெரும்பாலும் குழந்தையைக் குளிப்பாட்டுவதும் பத்தியச் சாப்பாடும்தான். அதே கேள்வியை நான் வேறு கணக்கில் போட்டுப் பார்க்கப் போகிறேன். எந்த ஏற்பாட்டில் பெற்றவளின் மனம் தாங்கும்? அவள் கணவரின் மனம்?

எனக்கு இதில் சொந்தக் கதை ஒன்று உண்டு. மூத்தவன் பிறந்தபோது அம்மா மன்னார்குடியிலிருந்து வந்து 42 நாள் இருந்தார். பூண்டுக்குழம்பு, சுறாப்புட்டு, தலைக்கு ஊற்றிச் சாம்பிராணி என்று எதிலும் குறை வைக்கவில்லை. நானும் நன்றாகத்தான் இருந்தேன். சாங்கி விமான நிலையத்தில் அம்மாவை ஏற்றிவிட்டு வந்த அடுத்த வாரம், செங்காங் வீட்டு அடுப்பில் பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அடுப்பை அணைக்க வேண்டும் என்று தெரிகிறது, கை போகவில்லை. மருத்துவரிடம் போக அதற்குப் பிறகும் நான்கு மாதம் ஆனது. "அம்மா இருந்த வரைக்கும் நல்லாத்தானே இருந்தே?" என்று எல்லாரும் கேட்டார்கள். பதில் அந்தக் கேள்விக்குள்ளேயே இருந்தது. அப்போது யாருக்கும் தெரியவில்லை, எனக்கும்தான்.

## எதை வைத்து எடை போடுவது

முதலாவது, இரவுத் தூக்கம். பச்சைக் குழந்தை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எழும். பெற்றவளுக்கு ஒரே மூச்சில் நான்கைந்து மணி நேரம் தூக்கம் கிடைக்க யார் வழி செய்வார்கள்? தூக்கம் கெட்டால் மனம் கெடும், மனம் கெட்டால் குழந்தை தூங்கும்போதுகூடத் தூக்கம் வராது. இந்தச் சுழலை உடைக்காத உதவி, எத்தனை வகை குழம்பு வைத்தாலும் பாதி உதவிதான்.

இரண்டாவது, வாய்விட்டுச் சொல்ல முடியுமா? "இந்தப் பிள்ளையைத் தூக்கவே எனக்குப் பிடிக்கலை" என்று ஒரு நாள் சொல்லிவிட்டால், அந்த வார்த்தை அன்றிரவே வாட்ஸ்அப்பில் ஊர் போய்ச் சேராமல் இருக்குமா?

மூன்றாவது, நாற்பத்தோராம் நாள். பிரசவமான மூன்றாம் நாள் வாக்கில் வரும் அழுகையும் எரிச்சலும் பெரும்பாலான தாய்மாருக்கு வருவது. பேபி புளூஸ் என்பார்கள். இரண்டு வாரத்தில் தானாகத் தணிந்துவிடும். மனச்சோர்வு நோய் வேறு. ஏறத்தாழ பத்தில் ஒரு தாய்க்கு அது வருகிறது. கர்ப்ப காலத்திலேயே தொடங்கலாம், குழந்தைக்கு ஒரு வயது ஆவதற்குள் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம். நம் ஏற்பாடுகளோ 28 நாளில் அல்லது 40 நாளில் மூட்டை கட்டிவிடுகின்றன. இந்த மூன்றாவது அளவுகோலைத்தான் பலரும் பார்ப்பதே இல்லை.

நான்காவது பணம். அதோடு ரசீதில் வராத செலவுகள்.

அவசரத்தில் இருப்பவர்களுக்கு அட்டவணையை முதலிலேயே தந்துவிடுகிறேன். (கன்ஃபைன்மென்ட் ஆள் என்பவர் பிரசவத்துக்குப் பின் தாயையும் குழந்தையையும் பார்த்துக்கொள்ள வீட்டில் வந்து தங்கும் பெண்.)

| | இரவில் | மனம்விட்டுப் பேச | 41ஆம் நாள் | வெளியே தெரியாத செலவு |
|---|---|---|---|---|
| அம்மா / மாமியார் | ஓரளவு, வயதைப் பொறுத்து | உறவைப் பொறுத்து | பெரும்பாலும் ஊருக்குப் போயிருப்பார் | கணவர் விருந்தாளி ஆகிவிடுவது |
| கன்ஃபைன்மென்ட் ஆள் | மிக நன்று | கடினம் | இருக்கமாட்டார் | சாப்பாடு, தாய்ப்பால் பழக்கம் |
| பணிப்பெண் | எதிர்பார்க்கக் கூடாது | கடினம் | இருப்பார் | ஆளை மேய்க்கும் வேலை |
| கணவரின் விடுப்பு | நன்று | நன்று | பிரித்து எடுத்தால் இருப்பார் | அவருடைய தூக்கமும் மனமும் |

## அம்மா அல்லது மாமியார்

பணக் கணக்கில் விமான டிக்கெட்டோடு முடிந்துவிடுவதுபோல் தெரியும். முதலில் அனுமதியைப் பாருங்கள். இந்தியாவிலிருந்து வருபவருக்குச் சுற்றுப்பயண அனுமதி வழக்கமாக 30 நாள் வரை கிடைக்கும். நீட்டிக்க விண்ணப்பிக்கலாம், ஆனால் கிடைத்தே தீரும் என்று சொல்ல முடியாது. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் பெற்றோருக்கு நீண்டகால வருகை அனுமதி கேட்டுப் பார்க்கலாம். வேலை அனுமதியில் இருப்பவர் என்றால் மாதச் சம்பளம் 12,000 வெள்ளி இருந்தால்தான் பெற்றோருக்கு அந்த அனுமதி. அப்புறம், வருகிற அம்மாவுக்கு இங்கே மருத்துவச் சலுகை எதுவும் கிடையாது. குளியலறையில் வழுக்கி விழுந்தால் முழுக் கட்டணம். பயணக் காப்புறுதியில் கஞ்சத்தனம் வேண்டாம்.

இதெல்லாம் காகித வேலை. வீட்டுக்குள் நடப்பதுதான் முக்கியம்.

வருகிற அம்மாவும் மனுஷிதான். அறுபதைத் தாண்டியவர், பக்கத்து வீட்டாரோடு பேச்சுத்துணை இல்லாமல் பன்னிரண்டாவது மாடியில் அடைந்து கிடப்பார். பகலெல்லாம் அடுப்படி, இரவெல்லாம் குழந்தை என்றால் மூன்றாம் வாரம் அவருக்கே படுத்துக்கொள்ள வேண்டும்போல் இருக்கும். "பால் பத்தலையோ, அதான் அழறான்" என்று ஒரு வார்த்தை சொல்வார். அவருக்கு அது சாதாரணப் பேச்சு. மார்பில் புண்ணோடு உட்கார்ந்திருப்பவளுக்கு அது தீர்ப்பு. மாமியார் சொன்னால் இன்னும் இரண்டு மடங்கு கனம். இரண்டு சம்பந்தியும் ஒரே சமயம் வந்து, மூவறை வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் ஒரே சமையலறையைப் பங்கு போட்ட கதைகளை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். ஒருவர் போன பிறகு மற்றவர் வரட்டும், அதுதான் நல்லது. மொத்த நாளும் கூடும்.

தீட்டு என்று 30 நாள் வெளியே விடாமல் வைப்பது சிலருக்கு உண்மையிலேயே ஓய்வு; விருந்தினர் தொல்லை இல்லை. வேறு சிலருக்கு அதுவே சிறை. மாலையில் புளோக்கின் கீழ்த்தளத்தில் பத்து நிமிடம் நடக்க வேண்டும் என்று தோன்றினால் நடக்கட்டும். இதைக் கணவர்தான் அத்தையிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். பெற்றவளைச் சொல்ல வைக்கக் கூடாது.

எனக்குப் பெரிதாகப் படும் மறைமுகச் செலவு வேறு. எங்கள் வீட்டில் அம்மா இருந்த 42 நாளும் என் கணவர் ஹாலில் படுத்த விருந்தாளி. "நீங்க போய்த் தூங்குங்க மாப்பிள்ளை, காலையில வேலைக்குப் போகணும்" என்று பாசத்தோடு விரட்டினார் அம்மா. விளைவு, அம்மா போன நாளில் அவருக்கு நாப்கின் மாற்றத் தெரியாது, எந்த அழுகைக்கு என்ன அர்த்தம் என்று தெரியாது. ஒரே நாளில் மூன்று பேர் வேலை ஒருத்தி தலையில். அம்மா இருக்கும்போதே இரவு ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை குழந்தை அப்பாவிடம் என்று முதல் வாரத்திலேயே வழக்கப்படுத்தியிருக்க வேண்டும்.

யாருக்கு இது சிறந்தது? அறுவை செய்து பிரசவமானவர்களுக்கு, வீட்டில் மூத்த பிள்ளை ஒன்று இருப்பவர்களுக்கு, எல்லாவற்றையும்விட அம்மாவிடம் அழுதால் லேசாகும் என்று தெரிந்தவர்களுக்கு. அம்மாவிடம் பேசினாலே நெஞ்சு படபடக்கும் பெண்களும் உண்டு. அவர்கள் கடமைக்காக அழைக்க வேண்டியதில்லை.

தாய்வீட்டுக்கே போய்விடுவது இன்னொரு வழி. விமான நிறுவனங்கள் பொதுவாக 36 வாரத்துக்குப் பிறகு ஏற்றமாட்டார்கள், அதற்கு முன்பும் சில வாரங்கள் மருத்துவர் கடிதம் கேட்பார்கள். கணவரை மாதக்கணக்கில் பிரிந்திருக்க வேண்டும். இதுவரை பார்த்த மருத்துவரும் மாறிவிடுவார். ஏற்கெனவே மனச்சோர்வுக்கு இங்கே சிகிச்சையில் இருப்பவருக்கு இதை நான் சொல்லமாட்டேன்.

## கன்ஃபைன்மென்ட் ஆள்

சீனக் குடும்பங்களின் வழக்கம். மலேசியாவிலிருந்து ஓர் அம்மா வந்து 28 நாள் வீட்டிலேயே தங்குவார். குழந்தை பிறந்த நாளிலிருந்து 16 வாரம் வரை ஒர்க் பர்மிட் எடுக்கலாம். 28 நாளுக்குச் சுமார் 3,000 முதல் 4,500 வெள்ளி. சீனப் புத்தாண்டை ஒட்டி என்றால் இன்னும் கூடும். வரும்போதும் போகும்போதும் அங்பாவ் (சிவப்பு உறையில் பணம்) வைப்பது மரபு. அரசுக்குக் கட்ட வேண்டிய லெவியும் உண்டு.

தூக்கம் என்ற ஒரே அளவுகோலில் பார்த்தால் இவர்களை யாரும் மிஞ்ச முடியாது. இரவு முழுக்கக் குழந்தை அவர் அறையில். முன்பு மனச்சோர்வு வந்து, தூக்கம் கெட்டால் மறுபடி வரும் என்று மருத்துவர் எச்சரித்திருக்கும் பெண்ணுக்கு இந்தப் பணம் வீண் செலவு அல்ல.

நமக்கு இடிப்பது சாப்பாடு. இஞ்சியும் நல்லெண்ணெயும் நம் பத்தியத்திலும் உண்டுதான். ஆனால் பன்றிக்காலும் அரிசி மதுவும் எல்லா வீட்டிலும் நடக்காது. சைவ வீடு என்றால் முன்கூட்டியே பேசி, சமையலை ஒப்பந்தத்திலிருந்து எடுத்துவிட்டு, பத்தியச் சாப்பாட்டுக்கு இந்தியக் கேட்டரிங் சொல்லிக்கொள்ளலாம். ஆக இரண்டு செலவு. இன்னொன்று: இரவில் தாயை எழுப்பாமல் புட்டிப்பால் கொடுத்துவிடுவார்கள் சிலர். தாய்ப்பால் மட்டுமே என்று நினைப்பவர் அதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். கறந்து வைப்பதா, எழுப்புவதா என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

மனம்விட்டுப் பேச இவர் ஆள் அல்ல. மொழி ஒரு தடை. நான்கு வாரத்தில் போய்விடும் அந்நியர் என்பது பெரிய தடை. விதிவிலக்கு உண்டு. எனக்குத் தெரிந்த ஒருத்தி, பாதி மலாயிலும் பாதி சைகையிலும் பேசிய தன் ஜொகூர் அம்மாவிடம்தான் முதல்முறையாக அழுதாளாம்.

பணம் அவ்வளவு இல்லை என்றால் பகலில் மட்டும் வரும் ஆட்கள் இருக்கிறார்கள். குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் நம் பெண்கள், வயிற்றுக்குக் கட்டுப்போட்டு உடம்பு பிடித்துவிடும் மலாய் மக்சிக்குகள். ஒரு மணி நேரம் ஒருவர் கை உங்கள் மேல் அக்கறையோடு படுவதே ஒரு மருந்து. இரவுக்கு ஆள் வேறு பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

## பணிப்பெண்

இதில் சுருக்கமாகவே சொல்கிறேன். குடிமகனாகப் பிறந்த குழந்தை வீட்டில் இருந்தால் லெவி மாதம் 60 வெள்ளி, இல்லாவிட்டால் 300. மலேசியர் அல்லாதவருக்கு 5,000 வெள்ளிப் பிணை, காப்புறுதி, ஏஜென்ட் கட்டணம், சம்பளம் எல்லாம் தனி. இரண்டு ஆண்டு ஒப்பந்தம் என்பதால் நாற்பத்தோராம் நாள் நிச்சயம் இருப்பார். இதுதான் இவருடைய பலம்.

பலவீனம், அவரும் ஓர் ஆள், அவரையும் பழக்க வேண்டும். பிரசவத்துக்குப் பத்து நாள் முன்பு முதன்முறை சிங்கப்பூர் வரும் பெண்ணுக்குக் கேஸ் அடுப்பிலிருந்து லிஃப்ட் வரை நீங்கள்தான் கற்றுத்தர வேண்டும். எட்டாம் மாதத்துக்கு முன்பே வந்துவிட்டால் நல்லது. பகல் முழுக்க வேலை செய்பவரை இரவிலும் குழந்தையோடு போடுவது அநியாயம், ஆபத்தும்கூட. சமையல், துணி, வீடு இவரிடம். குழந்தை உங்கள் இருவரிடம் என்று பிரித்துக்கொள்பவர்களுக்கு இந்த ஏற்பாடு நன்றாக ஓடுகிறது. வீட்டில் வேற்றாள் இருந்தாலே பதற்றப்படும் சுபாவம் உள்ளவருக்கு ஓடாது.

## கணவரின் விடுப்பு

2025 ஏப்ரல் 1 முதல் சம்பளத்தோடு கூடிய தந்தையர் விடுப்பு 4 வாரம், முதலாளி மறுக்க முடியாது. அதற்கு மேல், பெற்றோர் இருவரும் பகிர்ந்துகொள்ளும் விடுப்பு அதே நாளில் 6 வாரமாக வந்தது. 2026 ஏப்ரல் 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்கு அது 10 வாரம். தாய்க்குரிய 16 வாரம் தனி. குழந்தை சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றிருக்க வேண்டும், வேலையில் மூன்று மாதமாவது ஆகியிருக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகள் உண்டு. வேலை அனுமதியில் வந்த தம்பதிக்குத் தந்தையர் விடுப்பும் பகிர்வு விடுப்பும் சட்டப்படி கிடையாது. அவர்கள் நிறுவனத்தின் கொள்கையைத்தான் நம்ப வேண்டும்.

பெரும்பாலான அப்பாக்கள் செய்யும் தப்பு, நான்கு வாரத்தையும் பிரசவ நாளிலேயே தொடங்கிவிடுவது. அந்த நாளில் அம்மா இருக்கிறார், அத்தை இருக்கிறார், கன்ஃபைன்மென்ட் ஆள் இருக்கிறார். அப்பா பிறப்புப் பதிவு வேலைக்கும் சாமான் வாங்கத் தேக்கா சந்தைக்கும் அலைந்துவிட்டு, வீடு காலியாகிற நேரம் பார்த்து அலுவலகம் போய்விடுவார். முதலாளியோடு பேசி ஒத்துக்கொண்டால் குழந்தைக்கு ஒரு வயது ஆகும் வரை இந்த விடுப்பை எடுக்கலாம், பிரித்தும் எடுக்கலாம். இரண்டு வாரத்தைக் கட்டாயம் பின்னால் வையுங்கள்.

ஒப்பீட்டில் இரவுக்கும் பேச்சுக்கும் சேர்த்து மதிப்பெண் வாங்குவது இவர் ஒருவர்தான். ஆனால் மறக்கக் கூடாத ஒன்று: தந்தையரிலும் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. அவர்கள் அழுவது குறைவு. எரிந்து விழுவார்கள், வேலையே கதி என்று கிடப்பார்கள், இரவு இரண்டு மணி வரை கைப்பேசியில் மூழ்குவார்கள். "ஆம்பளைக்கு என்ன வந்தது" என்று வீடே கடந்து போய்விடும். வெளி உதவி எதுவுமில்லாமல் இருவர் மட்டுமே சமாளிக்கும் ஏற்பாடு பணத்துக்கு லாபம். ஆனால் இருவரில் ஒருவர் சாய்ந்தால் பிடிக்க மூன்றாவது கை இல்லை.

## எந்த ஏற்பாடானாலும் மருத்துவர் வேண்டும்

மேலே சொன்ன நால்வரும் துணைதான், சிகிச்சை அல்ல. இரண்டு வாரம் தாண்டியும் அழுகை, வெறுமை, பயம், குழந்தைமேல் ஒட்டாமை இருந்தால் அம்மா கையால் சாப்பிட்டுச் சரியாகிவிடும் என்று காத்திருக்க வேண்டாம்.

மருத்துவமனைகளில் எடின்பர்க் கேள்வித்தாள் ஒன்றைத் தருவார்கள். 1987இல் வெளியானது, கடந்த 7 நாளைப் பற்றி 10 கேள்விகள், மொத்தம் 30 மதிப்பெண். தமிழ் வடிவமும் இருக்கிறது. 13 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவர் விரிவாகப் பார்க்க வேண்டும். பத்தாம் கேள்வி தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதற்கு "ஒருபோதும் இல்லை" தவிர வேறு பதில் என்றால், மொத்த மதிப்பெண் எவ்வளவாக இருந்தாலும் அன்றே பேச வேண்டும். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது இதை நிரப்பாதீர்கள். நான் அப்படித்தான் நிரப்பினேன், எல்லாவற்றுக்கும் நல்ல பிள்ளையாகப் பதில் எழுதினேன்.

எங்கே போவது? சலுகைக் கட்டணம் வேண்டுமென்றால் பலதுறை மருந்தகம் (அரசுப் பாலிகிளினிக்) போய் அங்கிருந்து சிபாரிசுக் கடிதம் வாங்குவதுதான் வழி. குழந்தைக்கு 2, 4, 6ஆம் மாதத் தடுப்பூசிக்கு எப்படியும் அங்கே போவீர்கள். அன்றைக்கே உங்களைப் பற்றியும் வாயைத் திறக்கலாம். கே.கே. மகளிர், சிறுவர் மருத்துவமனையிலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் தாய்மார் மனநலத்துக்கென்றே பிரிவுகள் உண்டு. (கே.கே. என்றால் கண்டாங் கெர்பாவ், மலாயில் எருமைத் தொழுவம். சிராங்கூன் சாலைப் பக்கம் மாட்டுத் தொழில் பார்த்தவர்களில் நம்மவர்களும் இருந்தார்கள். நமக்கு அந்நியமான இடமில்லை.) தனியார் ஆலோசகரிடம் சீக்கிரம் நேரம் கிடைக்கும். ஆனால் ஒரு மணி நேரத்துக்கு 150 வெள்ளியும் அதற்கு மேலும் ஆகும், பல வாரம் போக வேண்டியிருக்கும். மனச்சோர்வுக்கும் பதற்ற நோய்க்கும் நாட்பட்ட நோய்த் திட்டத்தின்கீழ் மெடிசேவ் (மருத்துவச் சேமிப்புக் கணக்கு) பயன்படுத்தலாம்.

பலரும் கேட்கும் இரண்டு பயங்கள். மருந்து சாப்பிட்டால் பால் கொடுக்கக் கூடாதா? பாலில் மிகக் குறைவாகவே சேரும் மருந்துகள் இருக்கின்றன, மருத்துவரிடம் சொன்னால் பார்த்துத் தருவார். தானாக நிறுத்துவதுதான் தப்பு. பதிவில் ஏறினால் பின்னால் பிரச்சினையா? அரசின் அடிப்படைக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப் ஏற்கெனவே உள்ள நோயையும் சேர்த்தே காப்பளிக்கிறது. தனியார் காப்புறுதியைப் புதிதாக எடுக்கும்போது கேட்பார்கள், மறைக்கக் கூடாது. வாங்க நினைத்திருந்தால் கர்ப்பத்துக்கு முன்பே வாங்கிவிடுவது புத்திசாலித்தனம்.

ஒரு நிலைமை மட்டும் எந்த ஒப்பீட்டுக்கும் காத்திராது. ஆயிரத்தில் ஒன்றிரண்டு பிரசவத்துக்குப் பிறகு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள், தூக்கமே தேவைப்படாதவள்போல் நடப்பது, இல்லாத குரல் கேட்பது, குழந்தையைப் பற்றி விபரீதமாகப் பேசுவது. ஊரில் ஜன்னி என்பார்கள், பேய் என்பார்கள். மந்திரிக்க நேரமில்லை, ஆம்புலன்ஸுக்கு 995. நள்ளிரவில் பேச மட்டும் ஓர் ஆள் வேண்டுமென்றால் 1771 தேசிய மனநல எண், 1767 சமாரிட்டன்ஸ் (தற்கொலைத் தடுப்பு அமைப்பு), இரண்டும் 24 மணி நேரமும் உண்டு. தற்கொலை முயற்சி 2020 ஜனவரி 1 முதல் இங்கே குற்றம் அல்ல. போலீசுக்குப் பயந்து யாரும் வாயை மூடிக்கொள்ள வேண்டியதில்லை.

## யாருக்கு எது

முதல் குழந்தை, இருவரும் குடிமக்கள், கையில் ஓரளவு பணம்: இரவுக்குக் கன்ஃபைன்மென்ட் ஆள் நான்கு வாரம், அவர் போன பிறகு கணவரின் விடுப்பு. அரசு தரும் பேபி போனஸ் ரொக்கத்தைத் தொட்டிலுக்கும் தள்ளுவண்டிக்கும் போடுவதைவிட இதற்குப் போடலாம் என்பேன்.

வேலை அனுமதியில் இருக்கும் தம்பதி: அம்மாவும் அத்தையும் அடுத்தடுத்து, இரவு ஒரு மணி வரை அப்பா. கணவரின் ஆண்டு விடுப்பில் ஒரு வாரத்தையாவது கடைசியில் மிச்சம் வைக்கவும்.

முன்பு மனச்சோர்வு வந்தவர்: கர்ப்பமாக இருக்கும்போதே மருத்துவரிடம் சொல்லிவிட்டு, தூக்கத்துக்கு யார் பொறுப்பு என்று எழுதியே வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

இளையவள் பிறந்தபோது நாங்கள் செய்தது, அம்மா ஆறு வாரம், முதல் நாளிலிருந்தே இரவு ஒன்பது முதல் ஒன்று வரை கணவர் முறை, ஆறாம் வாரம் பலதுறை மருந்தகத்தில் நேரம் முன்பே எடுத்தது. அம்மா முதலில் முணுமுணுத்தார், பிறகு பத்து மணிக்கே குறட்டை விட்டார். அவரை விமானம் ஏற்றிவிட்டு வந்த மறுநாள், என் கணவரின் விடுப்பில் மூன்றாம் வாரம் தொடங்கியது. காலையில் பால் அன்றும் பொங்கி வழிந்தது. அடுப்பை அணைத்தது அவர். நான் ஏழரை வரை தூங்கிக்கொண்டிருந்தேன்.